குளியல் தொட்டியில் ஒரு பொடி

யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் 350 ரூபாவுக்கு வாங்கினேன். டொரதி எல். சேயர்ஸ் 1923இல் வெளியிட்ட 'ஹூஸ் பொடி?' என்ற இங்கிலிஷ் துப்பறியும் நாவல். செத்தவீட்டில் "பொடி எத்தனை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்கிறோமே, அதே பொடிதான். எழுத்து எறும்பு மாதிரி. பசை காய்ந்து, கொக்குவில் வந்து சேர முன்னமே முதல் பத்துத் தாளும் கையோடு வந்துவிட்டன. சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலூஷன் பூசி வைத்திருக்கிறேன்.

இலண்டன் பட்டர்சீயில் ஒருவரின் குளியல் தொட்டியில் யாரென்றே தெரியாத ஓர் ஆணின் பிணம். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை, மூக்கில் மட்டும் தங்கக் கண்ணாடி. சேர் ரூபன் லெவி என்ற பணக்காரரையும் காணவில்லை. துப்பறிய வருகிறவர் பொலிஸ்காரர் இல்லை. டியூக் ஒருவரின் தம்பி, லோர்ட் பீட்டர் விம்சி. பிக்கடிலியில் வீடு, ஒற்றைக்கண் கண்ணாடி, பழம்புத்தகப் பைத்தியம்.

முதல் ஐம்பது பக்கம் எரிச்சல்தான். மனுசன் வாய் மூடமாட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றும் பகிடி. கொலைகாரனைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். யூதர்களைப் பற்றிப் பாத்திரங்கள் போகிறபோக்கில் விடுகிற சொற்கள் வேறு, வாசிக்கவே கூசுகின்றன.

அப்புறம் ஓர் இராத்திரி வருகிறது. ஆள் யாரென்று விம்சிக்குப் பிடிபட்ட அதே இராத்திரி. வந்து பணியாள் பண்டரை எழுப்புகிறார். நிலத்துக்குக் கீழே எதிரி சுரங்கம் தோண்டுகிறானாம், தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். முதலாம் உலகப் போரில் அவருக்குக் கீழே சார்ஜன்டாக இருந்தவர் பண்டர். முதலில் ஒன்றுமில்லை என்றவர், பிறகு மறுக்கவில்லை. அது எங்கட ஆட்கள்தான் என்று சொல்லிப் படுக்க வைக்கிறார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான். செத்தவீட்டிலும் அவர் பகிடிக்குச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் இரவில் தகரத்தில் ஒரு காவோலை விழுந்தால் போதும், கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். சண்டைக்காலத்தில் ஒளிந்திருந்த பங்கர் குழியை மூடி எத்தனையோ வருசம். சித்தி விளக்கைக்கூடப் போடமாட்டா. "காவோலை அப்பா, படுங்கோ" என்பா, அவ்வளவுதான். விம்சியின் அலட்டலை அதற்குப் பிறகு திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். எரிச்சல் வரவில்லை.

துப்பு மட்டும் வேண்டுமென்றால் இதைவிடக் கெட்டியான கதைகள் இருக்கின்றன. விம்சியை அறிய வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் வேறு பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

சித்திக்கு இங்கிலிஷ் வராது. அந்த இராத்திரியை மட்டும் தமிழில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பண்டர் எப்ப நித்திரை கொள்ளுறது?" என்றா.