மக்கும் உறைக்குள் தாத்தாவின் காகிதங்கள்: ஆறு ஆண்டு அனுபவம்

"மக்கிப் போகிற பையிலா தாத்தாவின் காகிதத்தை வைக்கிறாய்?" என்று 2019இல் அம்மா கேட்டார். வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்ற ஆசையில் நான் எடுத்த முடிவு அது. அந்த ஆசை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி அம்மாவுடையதுதான்.

தாத்தா துறைமுகத் தொழிலாளி. தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பலில் வந்த பயணச் சீட்டு, 1950களின் தமிழ் முரசு நாளிதழ்ப் பக்கங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், கொஞ்சம் புகைப்படங்கள் ஆகியவைதான் அவர் விட்டுச் சென்ற சொத்து. சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குளிர்சாதனம் இரவில் மட்டும்தான் ஓடும். பகலில் அலமாரிக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அங்கே மூன்று வகை உறைகளை அருகருகே வைத்தேன்: மாவுச்சத்து கலந்த மக்கும் பை, பாலிலாக்டிக் அமிலம் என்ற, பயிர்ச் சர்க்கரையிலிருந்து செய்யும் மக்கும் பிளாஸ்டிக்கால் ஆன தெளிவான உறை, மக்காத பழைய வகைப் பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை.

மாவுச்சத்துப் பை ஓர் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. ஈரத்தை உறிஞ்சி நெளிந்தது, பிசுபிசுத்தது. ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அந்தப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. அதைக் காகிதத்தின் பக்கத்தில் நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

பாலிலாக்டிக் உறைதான் என்னை ஏமாற்றியது. முதல் இரண்டு ஆண்டுகள் கண்ணாடி போல் மின்னியது. பார்க்க வந்த சித்தப்பாகூட "எனக்கும் நாலு வாங்கிக் கொடு" என்றார். மூன்றாம் ஆண்டில் கையில் எடுத்தால் சருகு போலச் சலசலத்தது. ஐந்தாம் ஆண்டில், ஒட்டிய விளிம்பை லேசாக வளைத்தபோது படக்கென்று உடைந்தது. உடைந்த துண்டின் கூர்முனை ஒரு புகைப்படத்தில், பாட்டியின் தோளுக்கு மேலே, மெல்லிய கோடு இழுத்துவிட்டது. அந்தக் கோடு இனி மறையாது.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். இந்தப் பொருள் அறை வெப்பத்திலேயே உள்ளுக்குள் மெல்ல இறுகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. காற்றின் ஈரம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனையும் அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் விரைவாக்கும். 58 பாகை செல்சியஸ் அளவில் இயங்கும் தொழிற்கூட உரக்கிடங்கில் சில மாதங்களில் மக்கிவிடும் பொருள், 30 பாகை அலமாரியில் மக்கவும் செய்யாது, உறுதியாக இருக்கவும் செய்யாது. பாதியில் நிற்கும் அந்தச் சிதைவுதான் காகிதத்துக்கு ஆபத்து.

அருங்காட்சியகங்களில் ஒரு பொருளை ஏற்பதற்கு முன் ஆடி (Oddy) சோதனை செய்வார்கள், அதாவது அந்தப் பொருளிலிருந்து வரும் ஆவி உலோகத்தை அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1973இல் தோன்றிய முறை அது. வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு அந்தப் பொருளை 60 பாகையில், முழு ஈரத்தில், 28 நாள் அடைத்து வைப்பார்கள். பாலிலாக்டிக் பிளாஸ்டிக் இளகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே 60 பாகையில்தான். அதனால் அந்த 28 நாளைக் கணக்கிட்டு, "வீட்டில் இத்தனை ஆண்டு தாங்கும்" என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அந்த வெப்பத்தில் அது வேறு பொருளாகவே நடந்துகொள்கிறது.

இதற்காக மாவுச்சத்து, கடற்பாசியில் எடுக்கும் அகர் போன்ற இயற்கைப் பலபடிகளையே (நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள்களையே) ஒதுக்கிவிடக் கூடாது. கிழிந்த அழைப்பிதழை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு ஒட்டினேன். பசையை மிக மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டேன். ஆறு ஆண்டாக அசையவில்லை, நிறமும் மாறவில்லை. தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். இன்னோர் அழைப்பிதழின் பின்புறம் காய்ந்து கிடந்த பழைய பசையை எடுக்க அகர் கூழ் உதவியது. அது தண்ணீரைச் சொட்டவிடாமல் சிறிது சிறிதாகக் கசியவிடும், பசை ஊறியதும் முழுதாக உரித்துவிடலாம். பலகாரத்துக்கு விற்கும் சர்க்கரையும் நிறமும் சேர்த்த பொடி இதற்கு ஆகாது, தூய அகர் வேண்டும். மையெழுத்து உள்ள பக்கத்தில் இதை முயலவே வேண்டாம்.

சில நிமிடங்கள் தொட்டுவிட்டு விலகும் வேலைக்கு அகர் போன்றவற்றைத் தயங்காமல் பயன்படுத்துவேன். ஓர் ஆவணத்தை ஒரு வாரக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லவும் பாலிலாக்டிக் உறை போதும். ஆண்டுக்கணக்கில் மூடி வைப்பதற்கு அதைத் தரமாட்டேன்.

ரஜூலா சீட்டு இப்போது இரண்டு விளிம்பு மட்டும் ஒட்டிய பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையின் மேல் இருக்கிறது. ஆறு ஆண்டில் அந்த வகை உறையில் எந்த மாற்றமும் காணவில்லை. மீதமிருந்த இரண்டு பாலிலாக்டிக் உறைகளை வெறுமையாக, தேதி எழுதி, அதே அலமாரியில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அம்மாதான் அவற்றை வளைத்துப் பார்க்கிறார்.