தருமபுரி பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கல்லூரியின் வரலாறு

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இந்தப் பழைய புத்தகக் கடையில், அமெரிக்கக் கல்வி வரலாற்று நூல் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கினேன். கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியைப் பற்றிய அத்தியாயம் ஒன்றுக்காகவே அந்த விலையைக் கொடுக்கலாம். 1866 முதல் கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் சேர்ந்து படித்துவந்த அக்கல்லூரியில், அவர்கள் ஒன்றாகப் படிப்பதையே குற்றமாக்கி 1904இல் மாநில அரசு ‘டே சட்டம்’ இயற்றியது. கல்லூரி வழக்காடியும், 1908இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. நீதிபதி ஹார்லன் அதை எதிர்த்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கறுப்பின மாணவர்களுக்கென 1912இல் லிங்கன் கல்விக்கூடம் தனியே திறக்கப்பட்டது. பெரியாவுக்குள் அவர்கள் மீண்டும் நுழைய 1950 வரை காத்திருக்க நேர்ந்தது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்திருந்ததைக் கண்ட நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

கடையில் வரலாற்று நூல்கள் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவே கலந்து கிடப்பதால், தேடுவதற்குப் பொறுமை வேண்டும். உள்ளட்டையில் பென்சிலால் எழுதியிருப்பதுதான் விலை. என் பிரதியில் கடைசிச் சில தாள்கள் கிழிந்திருந்தன. மறுநாள் சொன்னபோது, கடைக்காரர் முகம் சுளிக்காமல் 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஆயினும், வாங்குமுன் ஒருமுறை முழுதும் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.