கிருமி போகவில்லை என்று சொல்லி இரண்டாம் தரமும் காசு

படுவான்கரைப் பக்கம் வேளாண்மை செய்யும் ஒருவருக்கு முழங்கால் நோ. மட்டக்களப்பு நகரில் ஒரு பாமசியில் வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமலே டைக்குளோபினாக் என்ற நோக்குளிசை கொடுத்திருக்கிறார்கள். வயிறு எரியத் தொடங்கியதும் "கேஸ்ரைட்டிஸ்" (இரைப்பை அழற்சி) என்று, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோலும் சேர்ந்தது. நோக்குளிசையை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. பிறகு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிக்கோபக்ரர் பைலோறி என்ற கிருமிக்கு இரத்தப் பரிசோதனை, ஒரு கிழமை மருந்து, திரும்பவும் அதே இரத்தப் பரிசோதனை. "கிருமி போகவில்லை" என்று மறுபடி மருந்து. கடைசியில் மலம் தார்போலக் கறுத்தது, உள்ளே இரத்தம் போவதன் அடையாளம். ஆஸ்பத்திரியில் என்டொஸ்கொப்பி (வாய்வழி குழாய்க் கமரா விட்டுப் பார்ப்பது) செய்தபோது முன்சிறுகுடலில் புண்.

ஏமாற்று அந்த இரண்டாவது பரிசோதனையில்தான். அது பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். குணமானவருக்கும் "இருக்கு" என்றே வரலாம். மருந்து விற்பவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

கிருமி போனதா என்று பார்க்க மல அன்டிஜன் பரிசோதனை (மலத்தில் கிருமியின் கூறைத் தேடுவது) அல்லது யூரியா மூச்சுப் பரிசோதனை கேளுங்கள். மருந்து முடிந்து 4 கிழமையாவது போகவேண்டும். ஒமிப்பிரசோலை 2 கிழமைக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். புண்ணிலிருந்து இரத்தம் போனவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒமிப்பிரசோலை நிறுத்தக்கூடாது.

வழமையான ஒரு சிகிச்சை: ஒமிப்பிரசோல் 20 மி.கி., அமொக்சிசிலின் 1 கிராம், கிளரித்ரோமைசின் 500 மி.கி. மூன்றும் காலையும் இரவும், 14 நாள். ஒமிப்பிரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமொக்சிசிலினுக்குப் பதில் மெற்றோனிடசோல். எரிவு அடங்கியதும் நடுவில் விட்டால், மிஞ்சும் கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போகலாம்.

நோமருந்தை ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பாதிப்பில்லை என்று சில இடங்களில் சொல்கிறார்கள். பொய். அது இரத்தத்தில் கலந்தே இரைப்பைச் சுவரின் காப்பைக் குறைக்கிறது. பரசிற்றமோல் அப்படிச் செய்யாது. உறைப்புக் கறியில் பழி போடுவதும் வீண். இருக்கிற புண்ணை அது உறுத்தலாம், அவ்வளவுதான்.

புண் இரைப்பையில் என்றால் அதிலிருந்து சிறு சதைத்துண்டெடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். புற்றுநோயும் அப்படியே தெரியும். அதனால் 6 முதல் 8 கிழமையில் மறுபடி என்டொஸ்கொப்பி தேவைப்படும்.

இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். அந்த ஊகத்தில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். திடீரெனக் குத்தி வயிறு பலகையாக இறுகினால் பாலோ சோடாவோ கொடுக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.