மதுரை அரவிந்த்ல பாப்பாவுக்கு கண் தசை ஆபரேஷன், எங்க அனுபவம்

பாப்பாவுக்கு அஞ்சு வயசு, டிவி பாத்தாலும் சரி சாப்பிட்டாலும் சரி நாடிய தூக்கிக்கிட்டே தான் இருப்பா. எங்க ஊர் கிளினிக் ஒன்னுல கழுத்து பிரச்சனைன்னு சொல்லிட்டாங்க, ஆறு மாசம் கழுத்துக்கு எக்சர்சைஸ் செஞ்சோம், ஒருத்தர்கூட கண்ண பாக்கல, நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

அப்புறம் தான் மதுரை அரவிந்துக்கு போனோம், மாறுகண்ணுக்குன்னு தனி பிரிவு இருக்கு. டாக்டரம்மா ஒரு பொம்மைய மேல தூக்கி காட்டுனாங்க, வலது கண்ணு கூடவே மேல போச்சு, இடது கண்ணு பாதியில நின்னுடுச்சு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, தினம் பாக்குற முகம், இத கவனிக்கலையே. பொறந்ததுல இருந்தே அந்த கண்ணு மேல ஏறல, நேரா பாத்தா கீழ இறங்கி நிக்குது, ரெண்டையும் சேத்து பாக்கத்தான் புள்ள தானாவே தலைய பின்னால சாய்ச்சு நாடிய தூக்கிக்குதுன்னு சொன்னாங்க.

மயக்கம் குடுத்தப்புறம் இடுக்கியால கண்ண மேல இழுத்து பாப்பாங்களாம், கீழ் தசை இறுகி இருந்தா அத தளத்தி பின்னால தள்ளி தைப்பாங்க, இறுக்கம் இல்லனா ரெண்டு பக்கத்து தசையையும் எடுத்து மேல் தசைகிட்ட தைப்பாங்க, அதுக்கு நாப் ஆபரேஷன்னு பேரு, 1969ல வந்தது. கண்ணோட முன்பக்கத்துக்கு இந்த தசைங்க வழியா தான் ரத்தம் போகுது, அதனால ஒரே தடவையில நிறைய தசைய தொட மாட்டாங்க. பாப்பாவுக்கு இறுக்கம் இல்ல, நாப் தான் பண்ணாங்க.

நான் அஞ்சு ஸ்டார் குடுக்குறது ஒரு விஷயத்துக்கு. "முழுசா மேல பாக்க வரும்னு நினைக்காதீங்கம்மா, நேரா பாக்குறப்ப ரெண்டும் சமமா நிக்கணும், நாடி இறங்கணும், அதுக்குத்தான் இது"ன்னு கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. அப்படியேதான் ஆச்சு. ஃபேன பாக்க இன்னும் தலைய தூக்குறா, ஆனா இப்ப குனிஞ்சு கோலப்பொடி எடுத்துட்டு நிமிந்து என்ன பாக்குறப்ப ரெண்டு கண்ணும் ஒன்னா என் மேல நிக்குது, அத எப்படி சொல்றதுன்னு தெரியல.

மறுநாள் கண்ணு செம்பருத்தி மாதிரி சிவந்து இருக்கும், பயந்துடாதீங்க, சொட்டு மருந்து விட விட குறைஞ்சிடும், தையலும் தானா கரைஞ்சிடும். தலைக்கு ஊத்துறது கொஞ்ச நாளைக்கு கிடையாது. இடது கண்ணுக்கு பார்வை பழகணும்னு நல்ல கண்ண மூடி வைக்கிறது எங்களுக்கு இன்னும் ஓடிட்டு இருக்கு. இமை கொஞ்சம் இறங்கி இருக்கு, அத அப்புறம்தான் பாக்கணுமாம், கண்ணு நேரானப்புறம் தான் இமை எவ்வளவு இறங்கிருக்குன்னே சரியா தெரியும்.

போறவங்க புள்ளையோட பழைய போட்டோ நாலஞ்சு எடுத்துட்டு போங்க, கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்ததும் சேத்து, எங்ககிட்ட முதல்ல கேட்டதே அதத்தான்.