எந்தக் கிட்னிக்கு ஸ்கேன்? சென்னையில் எம்.ஆர்.ஐ எடுக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களைச் சென்னை ஸ்கேன் சென்டர்கள் அசத்துவது வேகத்தால்தான். அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் எம்.ஆர்.ஐக்கு இங்கே பல இடங்களில் ஓரிரு நாளிலேயே நேரம் தருகிறார்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு இந்த அவசரத்தில் தவறிப்போவது ஒரே கேள்வி: எந்தக் கிட்னி?

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்க இடுப்புக் குழியில் வைத்து, காலுக்குப் போகும் இலியாக் ரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் பெரும்பாலும் சுருங்கிப்போய் பழைய இடத்திலேயே இருக்கும். சீட்டில் ‘எம்.ஆர்.ஐ கிட்னி’ என்று மட்டும் எழுதியிருந்தால் டெக்னீஷியன் காயிலை (உடல்மேல் வைத்து சிக்னலை வாங்கும் பட்டை) மேல்வயிற்றில்தான் வைப்பார். பழையது தெளிவாகவும், பார்க்க வேண்டியது படத்தின் ஓரத்தில் மங்கலாகவும் வரும். ‘மாற்றுச் சிறுநீரகம், வலது (அல்லது இடது) அடிவயிறு’ என்று எழுதி வாங்குங்கள். அறுவை நடந்த தேதி, உள்ளே ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் சிறு குழல்) அல்லது கிளிப் (ரத்தக் குழாயை மூடும் சிறு கவ்வி) இருக்கிறதா என்பதும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இருந்தால் போதும். பழைய சிறுநீரகங்களில் கட்டி, நீர்ப்பை வர வாய்ப்புண்டு என்பதால் அவற்றையும் பார்க்கச் சொன்னால், அது தனிப் பகுதி, கூடுதல் நேரம்.

அடுத்தது கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே இருந்தால், இந்த ஊசியில் இருக்கும் கடோலினியம் மருந்தின் வகை முக்கியம். பழைய லீனியர் வகைகள் சில தோலை இறுக்கும் என்.எஸ்.எஃப் நோயோடு தொடர்புடையவை. அந்தத் தொடர்பு 2006இல்தான் தெரியவந்தது. மேக்ரோசைக்ளிக் வகையில் ஆபத்து மிகக் குறைவு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடைக்கு, மேக்ரோசைக்ளிக் மருந்துகளில் கடோடெரேட் என்றால் 12 மி.லி., கடோபியூட்ரால் என்றால் 6 மி.லி. பெயரைக் கேட்டு ஃபைலில் குறித்துவையுங்கள். ஊசி இல்லாமலே ரத்தக் குழாயைக் காட்டும் முறைகளும் உண்டு. கேட்டால்தான் பேச்சு வரும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினின் அலகில் குழம்பாதீர்கள். இங்கே மி.கி./டெசிலிட்டர், பிரிட்டன், கனடாவில் மைக்ரோமோல்/லிட்டர். 88.4ஆல் பெருக்கினால் 1.5 என்பது சுமார் 133 ஆகும்.

சொந்தச் சிறுநீரகம் மூச்சோடு மேலும் கீழும் நகரும். அதனால் 15–20 விநாடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். பிடிக்க முடியாவிட்டால் படம் கலங்கும். இடுப்புக் குழியில் இருப்பது அவ்வளவு அசையாது என்பது ஒரு வசதி. தொல்லை தருவது கிளிப்தான். தமனிக்கு அருகில் உலோகக் கிளிப் இருந்தால் அந்த இடம் கறுத்து, குழாய் சுருங்கியதுபோல் தெரியும். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமை அளவு) மெஷினில் இது கூடும், இதற்கு 1.5 டெஸ்லா மெஷினே மேல். ‘அடைப்பு’ என்று ரிப்போர்ட் வந்தால் டாப்ளரோடு (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ஒப்பிடாமல் பதறக் கூடாது.

நாலு மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள். அதற்காக, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையை விடக் கூடாது; ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. ஊர் மாறிய நேர வித்தியாசத்தில், மாத்திரைக்கான 12 மணி நேர இடைவெளிக் கணக்கு குழம்புவதும் சகஜம்.

கழற்ற வேண்டியதில் பலர் மறப்பது இரண்டு: தாலிச் சரட்டில் கோர்த்த ஊக்கு, வெள்ளி அரைஞாண். ஊக்கைக் காந்தம் இழுக்கும். அரைஞாண் மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தைச் சுற்றியே வளையமாக நிற்பதால் படத்தையும் கெடுக்கும், சூடாகவும் செய்யலாம். ஜரிகைத் துணியும் வேண்டாம்.

உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கிறதா என்பதை இந்தப் படம் உறுதியாகச் சொல்லாது, அதற்கு பயாப்ஸிதான் (ஊசியால் சிறு திசு எடுத்துப் பார்ப்பது). ஃபிலிமோடு கிளம்பிவிடாமல் டைகாம் வடிவில் (மருத்துவப் படங்களுக்கான பொதுவான கணினிக் கோப்பு) சி.டி. அல்லது பென்டிரைவ் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மருத்துவருக்குத் தேவை அதுதான். கவுன்டரிலேயே திறந்து, எல்லாப் பட வரிசைகளும் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.