48 டெராபைட்டும் முழுசாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்

கும்பகோணத்தில் திருமண வீடியோ எடுப்பது என் தொழில். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மாலையில், வீடியோக்களைச் சேமித்து வைக்கும் மூன்று சர்வர்களில் நடுவில் இருந்ததற்குள் பல்லி கத்துவதுபோல் ‘டக் டக்’ என்று சத்தம். ஒரு டிஸ்க் போய்விட்டது. நான் பதறவில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி இருக்கும், புது டிஸ்க் மாட்டினால் தானே நிரப்பிக்கொள்ளும் என்று சொல்லித்தானே, பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் ‘செஃப்’ (Ceph) மென்பொருளை நிறுவிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள்?

ஒரு கல்யாண வீடியோவைத் திறந்தேன். மாப்பிள்ளை குடையோடு காசி யாத்திரைக்குக் கிளம்பினார், பாதியில் அப்படியே நின்றுவிட்டார். இன்னொன்றைத் திறந்தேன். அது தாலி கட்டும் நேரத்தில் நின்றது.

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் சென்னையில் சர்வர் வேலை பார்ப்பவன். கறுப்புத் திரையில் ‘செஃப் ஓஎஸ்டி பூல் எல்எஸ் டீடெய்ல்’ என்று தட்டினான். வந்த வரியில் ‘சைஸ்’ என்ற சொல்லுக்கு அடுத்து 3 இருக்க வேண்டும். 1 இருந்தது. “மாமா, இதில் பிரதியே கிடையாது” என்றான்.

இது கைதவறி நடந்ததில்லை. பிரதி எண்ணிக்கையை 1 ஆக்க செஃப் லேசில் விடாது. முதலில் அதற்கென்று ஒரு தடையை நீக்க வேண்டும். பிறகு கட்டளையின் முடிவில் ‘எஸ் ஐ ரியலி மீன் இட்’, அதாவது ‘ஆமாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்’ என்று கைப்பட எழுத வேண்டும். பழைய கட்டளைகளைப் புரட்டினால் அது அப்படியே கிடந்தது. அதற்கும் கீழே, பிரதி இல்லை என்று மென்பொருள் தரும் எச்சரிக்கையின் வாயை அடைக்கும் கட்டளை. தினமும் காலையில், நிலவரம் காட்டும் ‘செஃப் மைனஸ் எஸ்’ கட்டளையைப் போட்டு ‘ஹெல்த் ஓகே’ வந்ததும் திருப்தியாகக் காபி குடிக்கப் போவேன். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘மியூட்டட்’ என்று எழுதியிருந்ததை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? விலைப்புள்ளியில் இருந்தது 48 டெராபைட், மூன்று பிரதியோடு. அதற்கு 144 டெராபைட் டிஸ்க் வாங்க வேண்டும். இவர்கள் மாட்டியது 4 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு. பெருக்கினால் 48. பிரதி இருந்திருந்தால் எனக்குக் கிடைப்பது 16கூடத் தேறாது. கல்யாண மண்டபக் கணக்கில் ஒரு இலையைக்கூட விடாமல் எண்ணும் எனக்கு இந்தப் பெருக்கல் தோன்றவில்லை. சொன்ன இடம் கண்ணில் தெரிந்ததும் மகிழ்ந்துபோய்க் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டில் ஒன்றுதானே, அந்தப் பங்கு வீடியோ மட்டும்தானே போகும் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செஃப் ஒரு பெரிய கோப்பை வழக்கமாக 4 மெகாபைட் துண்டுகளாக நறுக்கி எல்லா டிஸ்கிலும் தூவும். ஒரு மூட்டை நெல்லைப் பிடி பிடியாகப் பன்னிரண்டு குதிரில் போட்டதுபோல. ஒரு குதிர் போனால் எல்லா மூட்டையும் குறையும். என்னிடம் இருக்கும் அத்தனை கல்யாணத்திலும் இப்போது ஓட்டை.

அமைத்துக் கொடுத்தவரை அழைத்தேன். “கவலைப்படாதீர்கள் அண்ணே, செத்த ஓஎஸ்டியை ‘பர்ஜ்’ செய்துவிடுங்கள், எச்சரிக்கை போய்விடும்” என்றார். ஓஎஸ்டி என்பது ஒவ்வொரு டிஸ்குக்கும் செஃப் வைத்திருக்கும் ஆள். பர்ஜ் செய்தால் அவன் பெயரே பட்டியலிலிருந்து அழிந்து, மீட்கிற வேலை இன்னும் சிக்கலாகும். அதற்கும் அந்த ‘உண்மையாகத்தான் சொல்கிறேன்’ வேண்டும். பாதி தட்டியிருந்தேன். அக்கா மகன் கையைப் பிடித்துவிட்டான். மறுநாளிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

உங்களுக்கு யாராவது இப்படி அமைத்துக் கொடுத்தால், பணம் கொடுக்குமுன் அந்த ‘சைஸ்’ எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு அவரை உட்காரவைத்து, அவர் முன்னாலேயே ஒரு சர்வரை அணைத்துவிட்டு ஒரு படத்தை ஓடவிடச் சொல்லுங்கள். ஒழுங்காக அமைத்தவர் காபி குடித்துக்கொண்டே ஓட்டிக் காட்டுவார்.

செத்த டிஸ்க் இப்போது சென்னையில், தரவு மீட்பவர்களிடம் இருக்கிறது. வலங்கைமானிலிருந்து ஒருவர் நேற்றும் அழைத்தார். குடையோடு நிற்கும் மாப்பிள்ளையின் அப்பா.