எண்ணெய் குடித்த கல்: மண்ணெண்ணெயா, சோடாவா?

பழைய தச்சுப் பெட்டிகளில் கிடக்கும் கார்போரண்டம் தீட்டுக்கல் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் இருக்கும். கறுத்து, பளபளத்து, நடுவில் குழி விழுந்திருக்கும். உளியை வைத்தால் வழுக்கும். கல் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கடினத்தில் வைரத்துக்குக் கொஞ்சம்தான் கீழே; அவ்வளவு சீக்கிரம் சாகாது. பல வருட எண்ணெய் இரும்புத் தூளோடு சேர்ந்து இறுகித் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அழுக்கு, அப்புறம்தான் குழி. அடைப்பை எடுக்காமல் தேய்த்தால் பிசுக்கை இழுப்பதிலேயே பாதிக் காலம் போய்விடும்.

அழுக்கெடுக்க மண்ணெண்ணெயா, கொதிநீரில் சலவைச் சோடாவா? கல்லுக்கு எந்த எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மெஷின் ஆயில் என்றால் மண்ணெண்ணெயில் நன்றாகக் கரையும். இரண்டு நாள் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாக இறங்கும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை டர்பன்டைன் போதும். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் விட்ட கல் வேறு கதை. அது காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும், மண்ணெண்ணெய்க்கு மசியாது. அங்கே சோடாதான், பழைய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கி வெளியே தள்ளும். எதை விட்டார்கள் என்று தெரியாவிட்டால் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோடா. நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

சோடாவில் இரண்டு எச்சரிக்கை. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். கல்லைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு மெதுவாகச் சூடேற்றி, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடவேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும். ஆர்க்கன்சா போன்ற இயற்கைக் கல்லைக் கொதிக்க வைக்கவே வேண்டாம். அடுப்புத் தீயில் நேராகக் காட்டி எண்ணெயை எரிப்பவர்களும் உண்டு. அந்த வழியை நான் ஒப்பிடப் போவதில்லை.

காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கினால் சரி. முத்தாக நின்றால் இன்னொரு சுற்று.

குழியை எடுக்க, கண்ணாடிமேல் ஒட்டிய வாட்டர் பேப்பரில் தேய்க்கலாம். சுத்தமான வேலை, ஆனால் ஆழமான குழிக்குத் தாள்மேல் தாளாகத் தீரும். வைரத்தூள் பதித்த உலோகத் தகடு வேகமானதுதான். அதை நம்பி ஒரு முரட்டுக் கல்லைச் சமப்படுத்தினேன். கல் சமமானது, தகடு மழுங்கியது. மென்மையான ஜப்பானிய நீர்க்கல்லுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையிலோ கருங்கல் படியிலோ தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது காசில்லாத வழி. ஆனால் தரையின் மேடுபள்ளம் கல்லுக்கும் வந்துவிடும்.

என் ஓட்டு, கண்ணாடிமேல் தூவிய 80-ஆம் நம்பர் (முரட்டு ரக) சிலிக்கான் கார்பைடு தூளுக்கு. தூள் தண்ணீரோடு உருண்டு உருண்டு கல்லின் மேட்டை உடைக்கும். கல்லில் குறுக்குமறுக்காகப் பென்சில் கோடு போட்டு, எல்லாம் அழியும்வரை தேய்த்தால் போதும். கல்லுக்கு முரடு, நைசு என்று இரண்டு பக்கம் இருந்தால், நைசுப் பக்கத்தை மட்டும் கடைசியில் இன்னும் நைசான 220-ஆம் நம்பர் தூளில் முடிக்கவேண்டும். கண்ணாடி சொரசொரத்துப்போகும், பழைய துண்டாகப் பார்த்து எடுங்கள்.

இவ்வளவும் உளிக்கும் இழைப்புளிக்கும்தான். அரிவாளும் சமையல் கத்தியும் மட்டும் தீட்டுவதாக இருந்தால் அழுக்கை எடுத்ததோடு நிறுத்திக்கொள்ளலாம், குழி அப்படியே இருக்கட்டும்.